கிறிஸ்துமஸுக்கு வீட்ல பச்சை ஆய்ஸ்டர்: வாங்கறதுல இருந்து தட்டுல வெக்கற வரைக்கும்

கேள்வி இதுதானே: பிரான்ஸ்ல நாந்த் நகரத்துக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு, டிசம்பர் 24 ராத்திரி ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு சாப்பிட வர்றாங்க, மொத்தம் ஆறு பேர், அவங்களுக்கு பச்சை ஆய்ஸ்டர் (வேக வெக்காத கடல் சிப்பி) வெக்கணும், 22-ம் தேதியே வாங்கி வெச்சா தாங்குமா, உப்புத் தண்ணியில போட்டு வெக்கணுமா இல்ல ஐஸ்லயா, எப்படி திறக்கறது, மனைவி அஞ்சு மாசம் கர்ப்பம், அவங்க ஒண்ணு ரெண்டு சாப்பிடலாமா. நல்லா கேட்டிருக்கீங்க. நான் பாண்டிச்சேரிக்காரன், பாரிஸ் பக்கம் ஒரு மீன் கடையில பல டிசம்பர் நின்னு இதை வித்தும் திறந்தும் கொடுத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல உங்க மனைவி விஷயம், ஏன்னா அதுல யோசிக்கவே எதுவும் இல்ல. பச்சையா வேண்டாம், ஒண்ணு கூட வேண்டாம். கர்ப்பிணிங்க, கல்லீரல் கோளாறு இருக்கறவங்க, கீமோ எடுக்கறவங்க, உறுப்பு மாற்று ஆபரேஷன் பண்ணினவங்க, ரொம்ப வயசானவங்க, சின்னக் குழந்தைங்க, இவங்க யாருக்கும் பச்சை ஆய்ஸ்டர் கொடுக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா கிருமி செத்துடும், கூட வைன் குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொல்வாங்க, அது சுத்தமா தப்பு, அந்த அளவு புளிப்போ ஆல்கஹாலோ எதையும் கொல்லாது. அவங்களுக்கு நல்லா வேக வெச்சு கொடுக்கலாம், அதை கடைசியில சொல்றேன்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க கேட்ட எல்லாத்துக்கும் பதில் ஒரே இடத்துல இருந்துதான் வருது: நீங்க வாங்கிட்டு வர்ற ஆய்ஸ்டர் உயிரோட இருக்கு, அது உங்க ஃப்ரிட்ஜ்லயும் உயிரோட இருக்கணும், கத்தி வெக்கற நிமிஷம் வரைக்கும் உயிரோட இருக்கணும். நம்ம ஆளுங்க பெரும்பாலும் இதை மீன் மாதிரி நினைச்சுக்கறாங்க, வாங்கினதும் கழுவி, பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, மேல ஐஸைக் கொட்டி வெக்கறாங்க. மீனுக்கு அது சரி, ஏன்னா மீன் ஏற்கனவே செத்துடுச்சு. ஆய்ஸ்டருக்கு அதே வேலையை செஞ்சா நீங்களே அதை கொல்றீங்க.

கடல் வத்தும்போது அது மணிக்கணக்கா தண்ணி இல்லாம வெளியில கிடக்கற பிராணி, அதனால ஓட்டை இறுக்கி மூடி உள்ள கொஞ்சம் கடல் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு காத்திருக்க அதுக்குத் தெரியும். அந்த மூடியை இழுத்துப் பிடிக்கறது உள்ள இருக்கற ஒரே ஒரு தசை. வளர்க்கறவங்க விக்கறதுக்கு முன்னாடி அதை இன்னும் பழக்கப்படுத்துவாங்க, கரையை ஒட்டி மேடான இடத்துக்கு மாத்தி, தண்ணிக்கு வெளியில இருக்கற நேரத்தை கூட்டிக்கிட்டே போவாங்க, இங்க இதுக்கு ட்ரொம்பாஜ்னு பேரு. அப்படி பழகின ஆய்ஸ்டர் வாயை மூடிக்கிட்டு நாள் கணக்கா தாங்கும். அதனாலதான் 22-ம் தேதி வாங்கி 24-ம் தேதி சாப்பிடலாமான்னா, தாராளமா சாப்பிடலாம். பேக்கிங் தேதியிலேர்ந்து ஒரு வாரம் ஒழுங்கா வெச்சிருந்தா நல்லா இருக்கும், ஆனா நான் மூணு நாலு நாளுக்குள்ள முடிச்சுடுங்கன்னுதான் சொல்வேன், நாள் ஆக ஆக உள்ள இருக்கற தண்ணி குறைஞ்சு ருசியும் இறங்கிடும். 24-ம் தேதி காலையில போய் வாங்கலாம்னு மட்டும் இருக்காதீங்க, வருஷம் பூரா விக்கறதுல கிட்டத்தட்ட பாதி டிசம்பர் கடைசியிலதான் விக்குது, அன்னிக்கு வரிசை தெரு வரைக்கும் நிக்கும், நல்ல சைஸ் முன்னாடியே தீர்ந்துடும். ஒரு வாரம் முன்னாடியே கடையில சொல்லி வெச்சுட்டு 22 இல்ல 23-ம் தேதி எடுத்துக்கங்க.

எங்க வாங்கறது? நாந்த்ல இருக்கீங்க, தலான்சாக் மார்க்கெட்டுக்கே போங்க. கடலும் பக்கம்தான், வாந்தே கரையிலேர்ந்து வர்ற ஆய்ஸ்டர் அதிக தூரம் அலையாம கிடைக்கும். கடையில முதல்ல பாக்க வேண்டியது விலையை இல்ல, லேபிளை. ஒவ்வொரு மரக் கூடையிலயும் (இங்க பூரிஷ்னு சொல்வாங்க) ஒரு சுகாதார லேபிள் கட்டியிருக்கும், எங்க பேக் பண்ணினது, எந்த வகை, நிறுவனத்தோட அனுமதி எண் எல்லாம் அதுல இருக்கும், பேக்கிங் தேதி இருக்கா பாருங்க. கூடையிலேர்ந்து அள்ளி டஜன் கணக்குல கொடுக்கற கடையா இருந்தா லேபிளைக் காட்டச் சொல்லிக் கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க, பின்னாடி யாருக்காவது உடம்புக்கு வந்தா டாக்டர் கேக்கற முதல் விஷயம் அது.

அப்புறம் கையில எடுத்துப் பாருங்க. சைஸுக்கு கனமா இருக்கணும், கனம்னா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். ரெண்டு ஆய்ஸ்டரை ஒண்ணோட ஒண்ணு தட்டினா கல்லும் கல்லும் மோதற மாதிரி கெட்டியான சத்தம் வரணும், டொக்டொக்னு வெறும் ஓட்டு சத்தம் வந்தா உள்ள காஞ்சு போச்சு, அதை விட்டுடுங்க. வாய் லேசா திறந்திருக்கா, விரலால தட்டுங்க, மெதுவாவாவது மூடிக்கிட்டா உயிர் இருக்கு, அசையாம அப்படியே இருந்தா செத்தது. செத்ததை வேக வெச்சும் சாப்பிடக் கூடாது.

நம்பர் விஷயத்துல எல்லாரும் முதல் தடவை குழம்புவாங்க, நம்பர் சின்னதா இருந்தா ஆய்ஸ்டர் பெருசு. 5-ம் நம்பர் 30 கிராம்ல ஆரம்பிக்கும், 4-ம் நம்பர் 46-லேர்ந்து 65 கிராம், 3-ம் நம்பர் 66-லேர்ந்து 85, 2-ம் நம்பர் 86-லேர்ந்து 120, அதுக்கு மேல 1, 0. இது ஓட்டோட சேத்து எடை. உங்க வீட்டு விருந்துக்கு 3-ம் நம்பர் போதும். பச்சை ஆய்ஸ்டர் புதுசா சாப்பிடற நம்ம ஆளுங்களுக்கு 4-ம் நம்பர்தான் நான் எடுத்துக் கொடுப்பேன், ஒரே வாயில போயிடும், பயம் தெளியும். 1, 0 எல்லாம் அடுப்புல வெச்சு சுட்டு சாப்பிடத்தான் நல்லா இருக்கும். ஆளுக்கு 6 கணக்கு, ஆனா பிரெஞ்சுக்காரங்க 9, 12-ன்னு சுலபமா இறக்குவாங்க, வேற சாப்பாடும் இருக்கறதால ஆறு பேருக்கு 4 டஜன் வாங்குங்க, ஒண்ணு ரெண்டு கழிஞ்சாலும் கையைக் கடிக்காது.

கடையில ரெண்டு ஜாதி இருக்கும். குழிவா நீளமா கரடுமுரடா இருக்கறது க்ரூஸ், தட்டையா வட்டமா இருக்கறது ப்ளாத், பெலோன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே அது இந்த ரெண்டாவது ஜாதி. ஐரோப்பாவோட சொந்த ஆய்ஸ்டர் தட்டைதான், நோய் வந்து ரொம்பக் குறைஞ்சு போனதால விலையும் அதிகம், வாயில ஒரு உலோக ருசி நிக்கும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனா முதல் விருந்துக்கு வேண்டாம். இன்னிக்கு நீங்க பாக்கற க்ரூஸ் எல்லாம் ஜப்பான் ஜாதி. முன்னாடி இங்க போர்ச்சுகீஸ் ஆய்ஸ்டர்னு ஒண்ணு வளர்த்தாங்க, 1970 வாக்குல நோய் வந்து அது மொத்தமா அழிஞ்சு போக, ஜப்பான்லேர்ந்து குஞ்சும் கனடா மேற்குக் கரையிலேர்ந்து தாய் ஆய்ஸ்டரும் கொண்டு வந்து இறக்கினாங்க, ஒரு தொழிலையே அது காப்பாத்திடுச்சு. க்ரூஸ்ல ஃபின், ஸ்பெஸியால்னு ரெண்டு தரம் உண்டு, அது சதைக் கணக்கு: ஓட்டோட சேத்து மொத்த எடையில நூத்துக்கு 10.5-க்கு மேல சதை இருந்தா ஸ்பெஸியால், அதுக்குக் கீழன்னா ஃபின். மேற்குக் கரையில இருக்கற மாரென் ஒலெரோன்லேர்ந்து வர்றது கடைசியில சில வாரம் கிளேர்னு சொல்ற களிமண் குளத்துல இருந்துட்டு வரும், அங்க ஒரு நுண்பாசி விடற நீலச் சாயத்தால சிலதோட செவுள் பச்சையா ஆயிடும். திறந்ததும் பச்சையைப் பாத்து கெட்டுப்போச்சுன்னு குப்பையில போட்டவங்களை எனக்குத் தெரியும், போடாதீங்க, அந்த பச்சைக்குத்தான் இங்க கூடக் காசு கொடுத்து வாங்கறாங்க.

வீட்டுக்கு வந்தாச்சு. கழுவாதீங்க. கூடையோட வாங்கியிருந்தா கட்டைப் பிரிக்காதீங்க, அந்தக் கட்டு ஆய்ஸ்டரை அழுத்தி வாயை மூடி வெக்கறதுக்காகவே போட்டது. டஜன் கணக்குல பையில வாங்கியிருந்தா பையிலேர்ந்து எடுத்து, ஒரு அகலமான பாத்திரத்துல குழிவான பக்கம் கீழ, தட்டையான பக்கம் மேல வர்ற மாதிரி நெருக்கமா அடுக்குங்க, குழிக்குள்ளதானே தண்ணி நிக்குது, கவுத்து வெச்சா ஒழுகிடும். மேல ஈரத்துணி போட்டு, அதுக்கு மேல ஒரு தட்டு வெச்சு லேசா பாரம் ஏத்துங்க. ஃப்ரிட்ஜ்ல காய்கறி வெக்கற கீழ் டிராயர் சரியான இடம், 5-லேர்ந்து 8 டிகிரி இருந்தா போதும். ஃப்ரீசர் கூடாது. மூடின டப்பாவோ கட்டின பிளாஸ்டிக் பையோ கூடாது, மூச்சு முட்டி செத்துடும். நல்ல தண்ணியில போட்டா அதுவும் சாவு. உப்புத் தண்ணி கரைச்சு ஊத்தலாமான்னு கேட்டீங்க, வேண்டாம், பாத்திரத்துல நிக்கற தண்ணியில அது வாயைத் திறக்கும், இருக்கற ஆக்ஸிஜன் கொஞ்ச நேரத்துல தீரும், உள்ள பிடிச்சு வெச்சிருந்த கடல் தண்ணியும் போயிடும். அதே டிராயர்ல சாலட், கொத்தமல்லி எதுவும் வெக்காதீங்க, ஒழுகற தண்ணி பச்சையா சாப்பிடற எதுலயும் படக் கூடாது.

இங்க ஒரு முக்கியமான விஷயம், இதை நிறைய பேர் கலந்து குழப்பிக்கறாங்க. உயிரோட இருக்கறதும் பாதுகாப்பா இருக்கறதும் ஒண்ணு இல்ல. செத்த ஆய்ஸ்டர் கண்டிப்பா ஆபத்து, ஆனா நல்லா உயிரோட, கனமா, கடல் வாசத்தோட இருக்கற ஆய்ஸ்டர்ல கூட நோரோவைரஸ் (வாந்தி பேதி கொண்டு வர்ற வைரஸ்) இருக்கலாம், ஏன்னா அது நாள் முழுக்க கடல் தண்ணியை இழுத்து வடிகட்டித்தான் சாப்பிடுது, அந்தத் தண்ணியில சாக்கடை கலந்திருந்தா வைரஸும் உள்ள தங்கிடும், ஆய்ஸ்டருக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான் ஆகும். மோந்து பாத்தோ தட்டிப் பாத்தோ இதை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. 2023 கிறிஸ்துமஸ் சமயத்துல தென்மேற்குக் கரையில இருக்கற ஆர்க்காஷோன் விரிகுடா ஆய்ஸ்டர் சாப்பிட்டவங்களுக்கு வாந்தி பேதி வந்து, டிசம்பர் 27-ம் தேதி அந்த விரிகுடாவோட ஆய்ஸ்டர் விற்பனையையே நிறுத்திட்டாங்க, சீசன் உச்சத்துல, ஜனவரி பாதி தாண்டித்தான் திரும்பத் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி பெஞ்ச கனமழையில கழிவுநீர் நிரம்பி வழிஞ்சதுதான் பிரச்சனைன்னு வளர்க்கறவங்களே கொதிச்சுப் போனாங்க, அவங்க தப்பு எதுவும் இல்லாம அவங்க பொழப்பு போச்சு, அதை நினைச்சா எனக்கு இன்னும் வருத்தமா இருக்கு. அதனால வாங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எந்தப் பகுதிக்காவது தடை இருக்கான்னு செய்தியில பாத்துடுங்க, லேபிள் இல்லாத ஆய்ஸ்டரைத் தொடாதீங்க, லீவுல கடற்கரைக்குப் போய் பாறையிலேர்ந்து நீங்களே பேத்து எடுத்துட்டு வந்து பச்சையா சாப்பிடற வேலை வேண்டவே வேண்டாம்.

திறக்கறது. இதுக்குன்னு குட்டைக் கத்தி, கைப்பிடிக்கிட்ட ஒரு தடுப்போட, கடையிலயே விக்கும், வாங்குங்க. காய்கறிக் கத்தியால முயற்சி பண்ணாதீங்க, கிறிஸ்துமஸ் ராத்திரி இங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு உள்ளங்கை கிழிஞ்சு வர்றவங்க வருஷா வருஷம் இருக்காங்க, கத்தி வழுக்கினா நேரா உள்ளங்கைக்குள்ளதான் இறங்கும். இடது கையில தடிமனான துணியை நாலா மடிச்சு, இல்ல கையுறை போட்டு, ஆய்ஸ்டரை குழி கீழ இருக்கற மாதிரி பிடிங்க, கூர்மையா கீல் மாதிரி இருக்கற முனை உங்க பக்கம் பாக்கணும். இப்ப கீல்லேர்ந்து மேல போங்க, வலது பக்க ஓரத்துல மூணுல ரெண்டு பங்கு தூரத்துல ரெண்டு ஓடும் சேர்ற கோடு இருக்கும், சில சமயம் ஓட்டோட மடிப்புல மறைஞ்சிருக்கும், கத்தி நுனியால தடவிப் பாத்தா தெரியும். அங்க நுனியை வெச்சு, கத்தியோட அலகை நுனியிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு கட்டைவிரலால பிடிச்சுக்கிட்டு, குத்தாம, இப்படி அப்படி லேசா ஆட்டி ஆட்டி அழுத்துங்க. பலம் தேவையே இல்ல. உள்ள போனதும் கத்தியை மேல் ஓட்டை ஒட்டியே முன்ன பின்ன இழுங்க, தசை அறுபடற அந்த நொடி கையில தெரியும், அதுவரைக்கும் இறுக்கிப் பிடிச்ச ஓடு சட்டுன்னு தளர்ந்துடும். கத்தியை உள்ள ஆழமா விட்டு சதையைக் கிழிக்காதீங்க. மேல் ஓட்டைத் தூக்கி எடுங்க, ஒட்டியிருக்கற ஓட்டுத்தூளை கத்தி நுனியால தள்ளிடுங்க, குழாய்த் தண்ணியில மட்டும் அலசாதீங்க. கோடே கிடைக்கலன்னா கீல்ல நுனியைச் சொருகி சாவி திருகற மாதிரி திருகலாம், அப்புறம் கத்தியைத் துடைச்சுட்டு உள்ள விடுங்க, கீல்ல சேறு இருக்கும்.

திறந்ததும் பாருங்க, சதை பளபளன்னு, தண்ணியில மிதக்கற மாதிரி, ஓரமா கறுப்புக் கரை போட்டு இருக்கும். அந்தக் கறுப்பு ஓரத்தை கத்தி நுனியால தொடுங்க, சுருங்கணும். சுருங்கினா உயிர். தண்ணியே இல்லாம காஞ்சு கிடந்தாலோ, அசையாம தொளதொளன்னு இருந்தாலோ, வாசனை ஒரு மாதிரி இருந்தாலோ யோசிக்காம தூக்கிப் போடுங்க, காசைப் பாக்காதீங்க. சில சமயம் ஓட்டோட உள்பக்கம் கத்தி பட்டு உடைஞ்சு அழுகின முட்டை வாசனையோட கறுப்புச் சேறு வரும், அது ஓட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட சேத்துப் பை, ஆய்ஸ்டர் உயிரோட இருந்தாலும் அதைச் சாப்பிட முடியாது, போட்டுடுங்க.

முதல் தண்ணியைச் சாய்ச்சு கொட்டிடுங்க. ஓட்டுத்தூளும் அதிக உப்பும் அதுலதான் போகும். கொஞ்ச நேரத்துல ஆய்ஸ்டரே இன்னொரு தடவை தண்ணி விடும், அந்த ரெண்டாவது தண்ணி மென்மையா, உப்பு அளவா, அவ்வளவு நல்லா இருக்கும். அதனால விருந்தாளி உக்கார்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி திறக்க ஆரம்பிங்க, 4 டஜன் திறக்க புதுசா பழகறவங்களுக்கு அந்த நேரம் வேணும், திறந்ததை உடனுக்குடன் குளிர்ல வெச்சுடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல போக விடாதீங்க. கீழ் ஓட்டுல ஒட்டியிருக்கற தசையை அறுக்க வேண்டாம், இங்க அப்படியேதான் பரிமாறுவாங்க, சாப்பிடறவங்க முள்கரண்டியால எடுத்துக்குவாங்க.

தட்டுல ஐஸ் குவியல் மேல அடுக்கற படம் பாத்திருப்பீங்க, நான் அதை சிபாரிசு பண்ண மாட்டேன், ரொம்ப ஜில்லுன்னு இருந்தா நாக்கு மரத்துடும், உருகின தண்ணி ஓட்டுக்குள்ள போய் கெடுக்கும். பெரிய தட்டுல கல்லுப்பைப் பரப்பி அதுல சாயாம உக்கார வையுங்க, கடைக்காரர்கிட்ட கேட்டா கடல்பாசி கொஞ்சம் சும்மாவே கொடுப்பார், அது இன்னும் அழகு. கூட ரை ரொட்டி, உப்பு வெண்ணெய், எலுமிச்சம்பழம். நம்ம கடையில கிடைக்கற சின்ன வெங்காயத்தைப் பொடிப்பொடியா நறுக்கி ரெட் வைன் வினிகர்ல ஊற வெச்சு மிளகைத் தட்டிப் போட்டா பிரெஞ்சுக்காரங்க செய்யற எஷலோத் வினிகரே ரெடி, ஆனா ஆய்ஸ்டருக்கு அரை ஸ்பூன்கூட அதிகம். விருந்தாளிங்க மஸ்கதே வைன் கொண்டு வருவாங்க, உங்க ஊரு பக்கத்துலயே விளையறது, இதுக்குன்னே பொருந்தும். முதல் ஒண்ணை மட்டும் எதுவும் ஊத்தாம சாப்பிட்டுப் பாருங்க, முழுங்கிடாதீங்க, ரெண்டு மூணு தடவை மெல்லுங்க, அப்பத்தான் அந்த இனிப்பு வரும்.

உங்க மனைவிக்கு: திறக்காத ஆய்ஸ்டரை (வாய் மூடியிருக்கான்னு பாத்துட்டு) ஓட்டை நல்லா தேய்ச்சுக் கழுவி இட்லிப் பானையில ஆவியில வையுங்க, எல்லாம் வாயைத் திறந்ததும் இன்னும் நாலஞ்சு நிமிஷமாவது விடுங்க, சதை சுருங்கி கெட்டியாகணும், திறக்காம நின்னதை ஒதுக்கிடுங்க. அதை எடுத்து பூண்டு, மிளகு, கறிவேப்பிலை போட்டு வெண்ணெய்ல பிரட்டினா அவங்களுக்குத் தனித் தட்டு ஆச்சு. மேல சீஸ் தூவி ரெண்டு நிமிஷம் கிரில்ல காட்டற முறை அவங்களுக்குப் போதாது, உள்ள வெந்திருக்காது. அவங்க தட்டுக்கு பச்சையைத் தொட்ட கத்தியையோ கரண்டியையோ திரும்ப பயன்படுத்தாதீங்க. மீதி திறக்காதது இருந்தா 25-ம் தேதி இப்படியே வேக வெச்சு எல்லாரும் சாப்பிட்டுடுங்க. ஊர்ல எங்க வீட்டுக்கும் அனுப்பலாமா, அங்க கழிமுகத்துல கிடைக்கறதை இப்படி பச்சையா சாப்பிடலாமான்னு சிலர் கேப்பாங்க, வேண்டாம், அந்த வெதுவெதுப்பான தண்ணியில, சுத்திகரிப்பும் குளிர்லயே வெச்சுக் கொண்டு வர்ற ஏற்பாடும் இல்லாம எடுத்தது வேக வெச்சு சாப்பிடத்தான். காலி ஓட்டை அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பை போட்டுக் கட்டி வெளியில வெச்சுடுங்க, ஹீட்டர் ஓடற வீட்ல காலையில நாத்தம் தாங்காது, சில ஊர்ல பண்டிகை முடிஞ்சதும் ஓட்டைத் தனியா சேகரிக்கற தொட்டி வெக்கறாங்க, உங்க மேரியில (நகராட்சி ஆபீஸ்) கேட்டுப் பாருங்க.